சூடான கேத்தோடு ஏன் சமமாக உமிழ்வதில்லை?

கேள்வி: நான் முதுகலை இயற்பியல் மாணவி. டங்ஸ்டன் மின்னிழை உள்ள வெற்றிட டையோடை வைத்து ரிச்சர்ட்சன் சமன்பாட்டை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தோம். வெளியேற்று ஆற்றல் 4.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் சமன்பாட்டின் முன்னால் நிற்கும் மாறிலி 120 என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அதைவிடக் குறைவாகவே வந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆனோடு மின்னழுத்தத்தை மாற்றாமல் மின்னிழையின் சூட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், மின்னோட்டம் ஏறி ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிட வேண்டும் என்று படித்தோம். எங்கள் வரைபடம் சட்டென்று நிற்கவில்லை, மெல்ல வளைந்து படுத்தது. அளவீட்டுப் பிழை என்கிறார்கள் நண்பர்கள். கேத்தோடின் மேற்பரப்பு சீராக இல்லாததே காரணம் என்று ஒரு நூலில் ஒரே ஒரு வரி பார்த்தேன். அது எப்படி என்று விளக்க முடியுமா?

பதில்: அந்த ஒரு வரி உண்மைதான். ஒரே வரியில் முடித்துவிட்டார்களே என்பதுதான் வருத்தம். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்று. அளவீட்டுப் பிழைக்கும் இதில் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உலகத்திலேயே மிக நுட்பமான கருவிகளை வைத்து அளந்தாலும் உங்கள் வளைவு கூர்மையாகத் திரும்பாது. மாறிலியும் 120-இல் போய் உட்காராது.

ரிச்சர்ட்சன் சமன்பாட்டில் மூன்று உறுப்புகள் பெருக்கப்படுகின்றன: ஒரு மாறிலி, வெப்பநிலையின் இருமடி, பிறகு ஓர் அடுக்குக்குறி உறுப்பு. அந்த அடுக்கில் இருப்பது வெளியேற்று ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்து வரும் எண், எதிர்க்குறியோடு. மாறிலியின் மதிப்பு எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், போல்ட்ஸ்மன் மாறிலி, பிளாங்க் மாறிலி ஆகியவற்றிலிருந்து வருகிறது: சதுர சென்டிமீட்டருக்கும் கெல்வின் இருமடிக்கும் 120 ஆம்பியர். அதில் எந்த உலோகத்தின் பெயரும் கிடையாது. உலோகத்தின் குணம் முழுவதும் வெளியேற்று ஆற்றல் என்ற ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. சமன்பாடு ஓசையில்லாமல் வைத்திருக்கும் நிபந்தனை அங்கேதான் இருக்கிறது: அந்த எண் மேற்பரப்பு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2,400 கெல்வினில் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 0.207 எலக்ட்ரான் வோல்ட். வெளியேற்று ஆற்றல் 0.1 எலக்ட்ரான் வோல்ட் கூடினாலே உமிழ்வு நூற்றுக்கு 62 ஆகக் குறைந்துவிடும். 0.8 கூடினால் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்த 0.8 நான் கற்பனையாக எடுத்த எண் அல்ல. தூய டங்ஸ்டனிலேயே ஒரு படிக முகத்துக்கும் இன்னொரு படிக முகத்துக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு இருக்கிறது. அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட 110 முகத்தில் வெளியேற்று ஆற்றல் 5.2-ஐ ஒட்டி வருகிறது. 100 முகத்தில் 4.6, 111 முகத்தில் 4.4, அணுப்படிகள் நிறைந்த 116 போன்ற முகங்களில் 4.3. காரணத்தை 1941-இல் ஸ்மொலுகோவ்ஸ்கி விளக்கினார். அணுக்கள் மேடும் பள்ளமுமாக நிற்கும் முகத்தில் எலக்ட்ரான் மேகம் மேட்டிலிருந்து வழிந்து பள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது. அந்தச் சிறு இடப்பெயர்ச்சி மேற்பரப்பில் ஓர் இருமுனை அடுக்கை உண்டாக்கி, வெளியேறும் எலக்ட்ரானுக்கான தடையைத் தணிக்கிறது. நெருக்கமாக அடுக்கிய முகத்தில் வழிவதற்குப் பள்ளம் இல்லை. ஆகவே அங்கே தடை உயரமாகவே நிற்கிறது.

எர்வின் மியூல்லர் 1936-இல் உருவாக்கிய புல உமிழ்வு நுண்ணோக்கியில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊசி முனையாகத் தீட்டிய ஒரே டங்ஸ்டன் படிகம் திரையில் கரும் திட்டுகளும் ஒளிரும் திட்டுகளுமாகத் தெரியும். 110 முகங்கள் கருத்துக் கிடக்கும். இந்த நுண்ணோக்கியில் எலக்ட்ரானை இழுப்பது வெப்பமல்ல, வலுவான மின்புலம். சூடேற்றிய இழையில் இதையே திசைவாரியாக அளந்து காட்டியவர் நிக்கல்ஸ், 1940-இல். அவர் எடுத்துக்கொண்டது ஒற்றைப் படிகமாக வளர்த்த இழை. உங்கள் ஆய்வுக்கூட இழையோ எண்ணற்ற சிறுபடிகங்களால் ஆனது. ஒவ்வொரு சிறுபடிகமும் தன் ஏதோ ஒரு முகத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேற்பரப்பு பல வெளியேற்று ஆற்றல்கள் கொண்ட திட்டுகளின் தொகுப்பு. நீங்கள் கண்ட 4.5 அவற்றின் கூட்டு விளைவே தவிர எந்த ஒரு முகத்துக்கும் உரியதல்ல.

தொழில்துறையில் இன்று பயன்படும் கேத்தோடுகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. டிஸ்பென்சர் கேத்தோடு என்பது நுண்துளைகள் நிறைந்த டங்ஸ்டன் வில்லை. டங்ஸ்டன் பொடியை அழுத்திச் சூட்டில் இறுக்கி, அதன் துளைகளில் பேரியம் ஆக்சைடு, கால்சியம் ஆக்சைடு, அலுமினா கலந்த சேர்மத்தை உருக்கி ஊட்டியிருப்பார்கள். சூடானதும் உள்ளிருந்து பேரியம் கசிந்து மேலே வந்து ஆக்சிஜனோடு சேர்ந்து ஓரணுப் படலமாகப் படர்கிறது. அந்தப் படலம் வெளியேற்று ஆற்றலை 4.5-இலிருந்து 2-க்கு அருகில் இறக்கிவிடும். 1,300 கெல்வின் போன்ற மிதமான சூட்டிலேயே சதுர சென்டிமீட்டருக்குச் சில ஆம்பியர் கிடைப்பது இதனால்தான். ஆனால் பேரியம் எல்லா முகங்களிலும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. துளைக்கு அருகே ஒரு விதம், தொலைவில் ஒரு விதம். படிக முகத்தால் வரும் வேறுபாட்டோடு படலத்தின் அடர்த்தியால் வரும் வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. கேத்தோடு இப்படித் திட்டுத் திட்டாக உமிழ்வது இன்று நேற்றுத் தெரிந்த செய்தியும் அல்ல. ஜெர்மனியில் புரூகேயும் யோஹான்சனும் 1932-இலேயே, ஆக்சைடு கேத்தோடு உமிழ்ந்த எலக்ட்ரான்களைக் கொண்டே அந்தக் கேத்தோடைப் படம்பிடித்தார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கேத்தோடின் பாதிப் பரப்பில் 2.0, மறு பாதியில் 2.5 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,300 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.112. தாழ்ந்த பாதி உயர்ந்த பாதியைப் போல 87 மடங்கு உமிழும். ஆகவே மொத்த மின்னோட்டத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு பாதிப் பரப்பிலிருந்தே வருகிறது. நீங்கள் இதற்கு ரிச்சர்ட்சன் கோடு வரைந்தால் சாய்வு 2.0-ஐக் காட்டும். மாறிலியோ 60 என்று வரும், ஏனென்றால் உமிழாத பரப்பையும் சேர்த்து வகுத்துவிட்டீர்கள். உங்கள் மாறிலி குறைந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தோரியம் கலந்த டங்ஸ்டனுக்கு வெளியேற்று ஆற்றல் 2.6, மாறிலி 3 என்று பல நூல்கள் பட்டியல் போடுகின்றன. 120-ஐ 3-ஆல் வகுத்து, நாற்பதில் ஒரு பங்குப் பரப்புதான் உமிழ்கிறது என்று முடிவுகட்ட ஆசை வரும். அது தவறு. வெளியேற்று ஆற்றல் வெப்பநிலையோடு சிறிதளவு மாறக்கூடியது, அந்தச் சிறு மாற்றமும் மாறிலிக்குள்தான் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு கெல்வினுக்கு 0.00006 எலக்ட்ரான் வோல்ட் வீதம் கூடினாலே போதும், கோட்டிலிருந்து நீங்கள் எடுக்கும் மாறிலி பாதியாகிவிடும். ஆயிரம் கெல்வினுக்கு வெறும் 0.06 மாற்றம்! சாய்வில் அது தென்படாது. வெட்டுத்துண்டில் பூதாகரமாக நிற்கும். பரப்புப் பங்கும் வெப்பநிலைக் குணகமும் ஒரே எண்ணுக்குள் பின்னிக் கிடப்பதால் அந்த எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

இதில் வரலாற்றுச் சுவையுள்ள ஒரு செய்தி உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டஷ்மன் 1923-இல் இந்த மாறிலியைக் கொள்கையிலிருந்து தருவித்தபோது அவருக்குக் கிடைத்தது 60.2. டங்ஸ்டனுக்கு அடுத்து வந்த அளவீடுகளும் 60.2 என்றே தந்தன. எவ்வளவு நிறைவாக இருந்திருக்கும்! பிறகு எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்பது தெரியவந்தது. ஒவ்வொரு நிலையிலும் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கலாம் என்பதால் கொள்கை மதிப்பு இரட்டித்து 120 ஆனது. டங்ஸ்டன் 60-இலேயே நின்றது. கொள்கையும் அளவீடும் பொருந்தியது தற்செயல். உங்களுக்கு 120-க்குக் கீழே வந்தது என்றால், டங்ஸ்டனை அளந்த பெரும்பாலோருக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது.

இதுவரை சொன்னதில் ஒவ்வொரு திட்டும் தன் வழியில் தனித்து உமிழ்கிறது என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் திட்டுகள் ஒன்றையொன்று விட்டுவைப்பதில்லை. என் பார்வையில் இந்தப் பொருளின் உயிர்நாடி இதுதான், பாடநூல்கள் தாண்டிப்போகும் இடமும் இதுதான்.

வெளியேற்று ஆற்றல் வேறான இரண்டு உலோகங்களைத் தொட வைத்தால் அவற்றின் வெளிப்புறங்களுக்கிடையே தொடு மின்னழுத்தம் உண்டாகும் என்று படித்திருப்பீர்கள். ஒரே கேத்தோடின் இரண்டு திட்டுகளுக்கும் அது பொருந்தும். உள்ளே ஃபெர்மி மட்டம் ஒன்றுதான். அதனால் வெளியே, 2.0 திட்டின் வாசலுக்கும் 2.5 திட்டின் வாசலுக்கும் இடையே 0.5 வோல்ட் வேறுபாடு நிற்கிறது. உயர்ந்த திட்டின் வெளிப்புறம் எதிர்மின் பக்கமாக இருக்கும். மேற்பரப்பை விட்டு விலகிச் செல்லச் செல்ல இந்த ஏற்றத்தாழ்வு கரைந்து, திட்டின் அகலத்தை ஒத்த தொலைவுக்கு அப்பால் சராசரி மட்டும் மிஞ்சும். நம் எடுத்துக்காட்டில் அந்தச் சராசரி 2.25. வெளிப்புலம் ஏதும் இல்லாதபோது 2.0 திட்டிலிருந்து புறப்படும் எலக்ட்ரானின் கதி, வாசற்படி தாழ்வாக உள்ள வீட்டிலிருந்து எளிதாக இறங்கியவர் தெருமுனையில் ஊர் மதிலை ஏறிக் கடக்க வேண்டியிருப்பதைப் போன்றது. தன் வீட்டுப் படி 2.0 என்றாலும் ஏற வேண்டிய உயரம் 2.25. அந்த 0.25 கூடுதல் உயரம் 1,300 கெல்வினில் உமிழ்வை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைக்கும். 2.5 திட்டின் எலக்ட்ரானுக்கோ தன் படியே மதிலைவிட உயரம். அதைத் தாண்டிவிட்டால் வெளியே சரிவுதான். அதாவது, சராசரிக்கு மேலே உள்ள திட்டுகள் தம் சொந்தத் தடையைச் சந்திக்கின்றன. சராசரிக்குக் கீழே உள்ளவை சராசரித் தடையைச் சந்திக்கின்றன. தாழ்ந்த திட்டுகளின் அனுகூலத்தை அண்டைத் திட்டுகள் பறித்துக்கொள்கின்றன.

ஆனோடின் இழுவைப் புலம் இந்தத் திட்டுப் புலத்தை வெல்ல முடியுமா? முடியும், ஆனால் திட்டின் அளவைப் பொறுத்து. 0.5 வோல்ட் வேறுபாடு 5 மைக்ரோமீட்டர் தொலைவில் பரவியிருந்தால் புலம் சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட் என்ற அளவில் இருக்கும். டிஸ்பென்சர் கேத்தோடின் டங்ஸ்டன் துணுக்குகள் இதே அளவு கொண்டவை, நடைமுறைக் குழாய்களில் ஆனோடு தரும் புலமும் இந்த எல்லையை ஒட்டியும் மேலும் இருக்கிறது. இரண்டும் கைகலக்கும் இடத்திலேயே இந்தக் கேத்தோடுகள் வேலை செய்கின்றன என்பது தற்செயலாக நேர்ந்த இக்கட்டு. திட்டு 50 மைக்ரோமீட்டர் என்றால் சென்டிமீட்டருக்கு 100 வோல்ட்டே போதும், ஒவ்வொரு திட்டும் விடுதலையாகித் தன் கணக்குப்படி உமிழத் தொடங்கும். மாறாக, திட்டு சில நானோமீட்டரே இருந்தால் எந்த நடைமுறைப் புலமும் அதை விடுவிக்காது. அது சராசரியில் கரைந்து, சீரான மேற்பரப்பைப் போலவே நடந்துகொள்ளும்.

ஷாட்கி விளைவைப் படித்திருப்பீர்கள்: இழுவைப் புலம் தடையின் உச்சியைச் சற்றே தாழ்த்துகிறது, அதனால் தெவிட்டிய மின்னோட்டமும் ஆனோடு மின்னழுத்தத்தோடு சிறிது ஏறும். சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட்டில் அந்தத் தாழ்வு 0.012 எலக்ட்ரான் வோல்ட்தான். 1,300 கெல்வினில் இது 11 விழுக்காடு உயர்வு தரும். திட்டுள்ள மேற்பரப்பில் இதே புலம் மதிலையே தகர்த்துவிடுவதால் மின்னோட்டம் பல மடங்கு எகிறக்கூடும். குறைந்த புலங்களில் அளந்த உமிழ்வு ஷாட்கி கோட்டுக்குக் கீழே விழுவதை ஆய்வாளர்கள் முன்பே கண்டு, அதற்குத் திட்டுகளே காரணம் என்று கணக்கிட்டார்கள். 1949-இல் ஹெர்ரிங்கும் நிக்கல்ஸும் எழுதிய நெடிய ஆய்வுரையில் இந்த வாதம் முழுமையாகக் கிடைக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் நூலகத்தில் தேடிப் படியுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்க்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, வளைவு ஏன் மெல்லத் திரும்புகிறது என்பதற்கு, இப்போதுதான் வர முடியும். கேத்தோடு நிறைய உமிழத் தொடங்கியதும் எலக்ட்ரான் கூட்டமே வெற்றிடத்தில் எதிர்மின் மேகமாகத் திரண்டு, பின்னால் வருவோரைத் தள்ளிவிடுகிறது. அதன்பின் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது சூடு அல்ல. ஆனோடு மின்னழுத்தமும் இடைவெளியும்தான். சைல்டும் லாங்மியூரும் தந்த மூன்றின் கீழ் இரண்டு அடுக்கு விதி இது. சீரான கேத்தோடில் இந்த மாற்றம் மிகக் குறுகிய வெப்பநிலை வீச்சில் முடிந்துவிடும். மெய்யான கேத்தோடில் பல பத்து டிகிரிகளுக்கு நீளும். குழாய்த் தொழிலில் இந்த வரைபடத்துக்கு மிரம் வளைவு என்று பெயர். வேரியன் நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் மிரம் பெயரால் வழங்குகிறது.

எளிய விளக்கம் ஒன்று எல்லோரும் சொல்வது: தாழ்ந்த திட்டுகள் முதலில் மேக வரம்பை எட்டுகின்றன, உயர்ந்தவை சூடு ஏற ஏறப் பின்னால் வந்து சேர்கின்றன, அதனால் திருப்பம் நீள்கிறது. பாதி உண்மை. ஒவ்வொரு திட்டுக்கும் தனி வரம்பு என்று வைத்துக் கணக்கிட்டால் வரும் வளைவு, அளந்த வளைவைவிட மிக நீளமாகப் படர்ந்துவிடும். திட்டு மைக்ரோமீட்டரில், ஆனோடு மில்லிமீட்டரில். மேகம் கனமாகத் திரளும் உயரத்திலிருந்து பார்த்தால் கீழே எந்தத் திட்டு உமிழ்ந்தது, எது உமிழவில்லை என்ற வேறுபாடு மங்கிவிடும். உமிழாத திட்டின் மேலே காலியாக இருக்கும் வெளியைப் பக்கத்துத் திட்டு பயன்படுத்திக்கொண்டு, தன் விளிம்புகளில் கூடுதலாக உமிழும். செர்னின், லாவ், பெட்டில்லோ ஆகியோர் அடங்கிய குழு 2020-இல் வெளியிட்ட கணக்கீடுகள் இதைத் தெளிவாக்கின. பரப்பின் ஒரு பகுதி உமிழாமலே இருந்தாலும் மொத்த மின்னோட்டம் சைல்டு–லாங்மியூர் வரம்பைக் கிட்டத்தட்ட முழுதாக எட்டிவிடும். மேகத்தைப் பொறுத்தவரை திட்டுகள் அண்டை வீட்டாரிடம் கடன் வாங்கிக்கொள்கின்றன.

அப்படியானால் வளைவு கூர்மையாக அல்லவா திரும்ப வேண்டும்? இங்கேதான் திட்டுப் புலம் மறுபடி தலை நீட்டுகிறது. மின்னோட்டம் வரம்பை நெருங்கும்போது எலக்ட்ரான் மேகம் கேத்தோடு பரப்பில் உள்ள இழுவைப் புலத்தை விழுங்கிச் சுழியத்தை நோக்கித் தள்ளுகிறது. ஆனோடு மின்னழுத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கேத்தோடின் வாசலில் அதன் இழுவை மறைந்துவிடுகிறது. அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த திட்டுப் புலம், எதிர்ப்பவர் இல்லாததால், தாழ்ந்த திட்டுகளின் முன்னால் மதிலை மறுபடி எழுப்புகிறது. மிக நன்றாக உமிழ்ந்துகொண்டிருந்த இடங்களே மிக அதிகமாக முடக்கப்படுகின்றன, அதுவும் திருப்பம் நடக்கும் அதே வெப்பநிலைகளில். திருப்பம் உருண்டையாவதற்கு இது பெரிய காரணம்.

இதை அளவீட்டோடு ஒப்பிட்டு நிறுவியது அமெரிக்காவின் விஸ்கான்சின்–மாடிசன் பல்கலைக்கழகத்தில் சென், பூஸ்கி, மார்கன் முதலியோர் அடங்கிய குழு. கட்டுரை 2022-இல் வந்தது. அவர்கள் கைக்கொண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. மெய்யான ஒரு டிஸ்பென்சர் கேத்தோடின் மேற்பரப்பில் எந்தத் துணுக்கு எந்த முகத்தைக் காட்டுகிறது என்பதை எலக்ட்ரான் பின்சிதறல் முறையில் வரைபடமாக்கினார்கள். பேரியமும் ஆக்சிஜனும் படர்ந்த ஒவ்வொரு முகத்துக்கும் வெளியேற்று ஆற்றலைக் குவாண்டம் கணக்கீட்டிலிருந்து எடுத்தார்கள். பிறகு மேகத்தின் முப்பரிமாண விளைவு, திட்டுப் புலம், ஷாட்கி தாழ்வு ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். கிடைத்த வளைவு அளந்த வளைவோடு பொருந்தியது. அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாகத் திருப்பத்தை விவரிக்கப் பொறியாளர்கள் நம்பியிருந்தது, இரண்டு வரம்புகளின் தலைகீழ்களைக் கூட்டும் ஓர் அனுபவச் சூத்திரத்தை. அது வேலைக்கு உதவியது, காரணத்தைச் சொல்லவில்லை.

உருண்டையான திருப்பத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நுண்ணலைக் குழாய்களை வடிவமைப்போருக்கு இது ஆயுள் சம்பந்தப்பட்ட விஷயம். செயற்கைக்கோள்களிலும் ரேடார்களிலும் உள்ள டிராவலிங் வேவ் டியூப், துகள் முடுக்கிகளை இயக்கும் கிளைஸ்ட்ரான், எல்லாவற்றின் இதயமும் சூடான கேத்தோடுதான். சூடு சற்று ஏறி இறங்கினாலும் மின்னோட்டம் மாறக்கூடாது என்பதால் அவற்றைத் திருப்பத்துக்கு மேலே, தட்டையான பகுதியில் இயக்குவார்கள். திருப்பம் நீண்டு படர்ந்திருந்தால் தட்டையை எட்ட இன்னும் சூடேற்ற வேண்டும். சூடு ஏறினால் பேரியம் விரைவாக ஆவியாகும், ஆயுள் குறையும். கேத்தோடு மூப்படையும்போது திருப்பம் மேலும் மேலும் உயர்ந்த வெப்பநிலைக்கு நகர்ந்து, ஒருநாள் இயக்கப் புள்ளியையே தொட்டுவிடும். வாயேஜர் 1 விண்கலம் 1977-இல் கிளம்பியது. பூமிக்குத் தரவு அனுப்பும் அதன் எக்ஸ் அலைவரிசைப் பெருக்கிகள் இந்த வகைக் குழாய்களே. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே அவற்றின் கேத்தோடுகள் உழைத்திருக்கின்றன என்றால், எவ்வளவு கவனமாக அவற்றின் சூட்டைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

திட்டுகளை அடக்கப் பல வழிகளில் முயன்றிருக்கிறார்கள். பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸால்மும் வான் ஸ்ட்ராட்டமும் 1966-இல் டிஸ்பென்சர் கேத்தோடின் மேல் ஆஸ்மியம் பூசிக் காட்டினார்கள். வெளியேற்று ஆற்றல் சுமார் 0.2 எலக்ட்ரான் வோல்ட் இறங்கியது, அதே மின்னோட்டத்தைக் குறைந்த சூட்டில் பெற முடிந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வேறு வழி: லாந்தனம் ஹெக்சாபோரைடை ஒற்றைப் படிகமாக வளர்த்து, 100 முகம் முன்னால் இருக்கும்படி வெட்டிவிடுகிறார்கள். உமிழும் பகுதி சிறியது என்பதால் அங்கே அது கட்டுப்படியாகிறது. பெரிய குழாயின் அகன்ற கேத்தோடுக்கு ஒற்றைப் படிகம் நடைமுறைக்கு ஒத்துவராது. துணுக்குகளின் அளவையும் முகத்தையும் கட்டுப்படுத்துவதில்தான் வருங்காலம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சில யோசனைகள். மின்னிழையின் இரு முனைகளும் தாங்கிகள் வழியே சூட்டை இழப்பதால் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும். முழு நீளத்தையும் உமிழும் பரப்பாக எடுத்தால் மாறிலி குறையும். இது நண்பர்கள் சொல்லும் பிழையின் ஒரு பகுதி. சாய்வில் வரும் சிறு பிழையும் வெட்டுத்துண்டைப் பெரிதும் ஆட்டும். 2,200 கெல்வினைச் சுற்றி அளக்கும்போது வெளியேற்று ஆற்றல் 0.1 எலக்ட்ரான் வோல்ட் தவறினாலே மாறிலி 1.7 மடங்கு மாறிவிடும். ஆகவே மாறிலியை எழுதும்போது அதன் பிழை வீச்சையும் கட்டாயம் எழுதுங்கள்.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரே ஆனோடு மின்னழுத்தத்தில் நிறுத்திக்கொள்ளாமல் ஐந்தாறு மின்னழுத்தங்களில் அளவிடுங்கள். மின்னோட்டத்தின் மடக்கையை மின்னழுத்தத்தின் இருமடி மூலத்துக்கு எதிராக வரையுங்கள். வலப்பக்கம் நேர்கோடாக இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துச் சுழிய மின்னழுத்தத்துக்கு நீட்டினால் கிடைக்கும் மின்னோட்டமே ரிச்சர்ட்சன் கோட்டுக்கு உரியது. 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள இழையும் 5 மில்லிமீட்டர் ஆர உருளை ஆனோடும் என்றால் 100 வோல்ட்டில் இழைப் பரப்பில் சென்டிமீட்டருக்கு 2,500 வோல்ட் கிடைக்கிறது. சூட்டில் ஊறிய டங்ஸ்டன் இழையில் சிறுபடிகங்கள் பத்துக்கணக்கான மைக்ரோமீட்டர் வளர்ந்திருக்கும் என்பதால் அங்குள்ள திட்டுப் புலத்தை வெல்ல இது போதும், உமிழ்வு குறைவாக இருந்து மேகம் திரளாத வரையில். இடப்பக்கம் புள்ளிகள் நேர்கோட்டுக்குக் கீழே சரிவதையும் காண்பீர்கள். வெப்பநிலை ஏற ஏற அந்தச் சரிவு வலப்பக்கம் நகர்ந்தால் அது மேகத்தின் வேலை. மிகக் குறைந்த சூட்டில், மேகத்துக்கு வழியே இல்லாத இடத்திலும் சரிவு மிஞ்சுமானால் அங்கே திட்டுகளை ஐயப்படலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 120 வர வேண்டும் என்பதற்காகப் புள்ளிகளை விலக்காதீர்கள், திருப்பத்தைக் கூர்மையாக வரையாதீர்கள். கிடைத்த எண்ணையும் கிடைத்த வளைவையும் அப்படியே பதிவேட்டில் எழுதி, காரணத்தைப் பக்கத்தில் விளக்குங்கள். தேர்வாளர் கேட்டால் நிக்கல்ஸின் 1940 அளவீட்டையும் ஹெர்ரிங்–நிக்கல்ஸ் ஆய்வுரையையும் சுட்டிக்காட்டுங்கள்.